குளத்தங்கரைச் சாலைகள்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஒரு மிதிவண்டிப் பயணம்

தென்காசி வட்டாரத்துச் சாலைகளை அவற்றில் ஓடும் வாகனங்களை வைத்துப் பிரித்துப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு உலகங்கள் தென்படுகின்றன. திருமங்கலத்தில் தொடங்கி இராஜபாளையம், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக மலை கடந்து கொல்லத்தில் முடியும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியே தென்காசியை அடையும் மாநில நெடுஞ்சாலையும் இரவு பகல் பாராமல் இரைந்துகொண்டே இருக்கின்றன. ஆனி மாதத்தில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், அருவிக்குக் குளிக்க வருவோரின் வேன்களும் கார்களும் சேர்ந்துகொள்ள, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள ஐந்து கிலோமீட்டரைக் கடக்கவே விடுமுறை நாட்களில் வெகுநேரம் பிடிக்கிறது. இந்தப் பெருஞ்சாலைகளை விட்டு, வயலுக்கும் குளத்துக்கும் நடுவே போகும் ஏதேனும் ஒரு கிளைச் சாலையில் திரும்பினால், எப்போதோ ஒரு மினி பஸ்ஸும் ஒரு டிராக்டரும் சில இருசக்கர வண்டிகளும் தவிர, எதிரே வருபவர்கள் பெரும்பாலும் நடந்து வருகிறவர்களாகவோ சைக்கிளில் வருகிறவர்களாகவோ இருக்கிறார்கள். அருவியைத் தேடி இலட்சக்கணக்கானோர் வந்துபோகும் இந்த வட்டாரத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று இந்தக் கிளைச் சாலைகளின் அமைதி என்பதும், அதை முழுமையாக நுகர்வதற்கு மிதிவண்டியே ஏற்ற வாகனம் என்பதும் ஒரே ஒரு நாள் இங்கு மிதித்துப் பார்ப்பவருக்கும் விளங்கிவிடும்.

தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் சாலைகள் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்று படிப்படியாக இறங்கி வருகின்றன. அவற்றுக்கும் கீழே, ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் உள்ளன. மிதிவண்டிப் பயணிக்கு உகந்தவை இந்த வரிசையின் கடைசி மூன்று வகைகளே. இவற்றுள் பல, மாட்டுவண்டித் தடங்களாகவும் குளத்தின் கரைகளாகவும் இருந்து, பிற்காலத்தில் சரளையும் தாரும் கண்டவை; 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் போன்றவை இத்தகைய தடங்களை எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலைகளாக்கும் நோக்குடையவை. சாலை மேம்பட்ட அளவுக்குப் போக்குவரத்து பெருகாததால், சக்கரம் குலுங்காத தார்ப்பரப்பும் வாகன இரைச்சல் இல்லாத வெளியும் ஒரே இடத்தில் கிடைக்கும் அரிய நிலை இங்கு உருவாகியிருக்கிறது.

உலகில் மிதிவண்டிப் பயணத்துக்குப் பேர்பெற்ற பிரான்ஸ் நாட்டின் சிறப்பும் இத்தகைய சாலைகளில்தான் இருக்கிறது. அந்நாட்டின் பத்து இலட்சம் கிலோமீட்டருக்கும் மிகுந்த சாலைகளில் ஏறத்தாழ 3,80,000 கிலோமீட்டர், நம் மாவட்டத்துக்கு நிகரான ‘தெபார்த்மான்’ என்னும் ஆட்சிப் பிரிவுகளின் பொறுப்பில் உள்ளது. எண்ணுக்கு முன்னால் ‘டி’ என்ற எழுத்தைத் தாங்கிய இச்சாலைகள் திராட்சைத் தோட்டங்களுக்கும் சூரியகாந்தி வயல்களுக்கும் நடுவே ஊரிலிருந்து ஊருக்கு வளைந்து செல்கின்றன. விரைந்து செல்ல வேண்டிய கார்களையும் நெடுந்தொலைவு செல்லும் லாரிகளையும் சுங்கம் வசூலிக்கும் தனி விரைவுச் சாலைகள் பெருமளவு ஈர்த்துக்கொள்வதால், கிராமப்புறத்துச் சிறு சாலைகள் பல உள்ளூர் மக்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மிஞ்சுகின்றன. செந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்து, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய போல் தெ விவி (1853–1930) என்பவர் 1887இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி, பந்தயத்துக்காக அன்றி, நாட்டைப் பார்ப்பதற்காக மிதிக்கும் பழக்கத்தை ஒரு பண்பாடாகவே வளர்த்தார். பசிக்கும் முன் உண்ணவும், தாகம் எடுக்கும் முன் பருகவும், பிறருக்குக் காட்டுவதற்காக மிதிக்காமல் இருக்கவும் அவர் தம் வாசகர்களுக்கு அறிவுறுத்தினார்; இவ்வறிவுரைகள் ஆடி மாதத்துத் தென்காசிக்கும் அப்படியே பொருந்துகின்றன.

இந்த வட்டாரத்தில் மிதிவண்டியை ஆள்வது ஏற்ற இறக்கங்களைவிடக் காற்றே. மேற்குத் தொடர்ச்சி மலை, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் தாழ்ந்து இடைவெளி விடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேகத்தின் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவில் கொட்டிவிட்டு, எஞ்சிய ஈரத்தோடு இந்த இடைவெளியில் நெருக்கிப் புகுந்து கிழக்கே பாய்கிறது. அந்த ஈரம் மலையடிவாரத்தில் பூந்தூறலாகச் சிந்துவதையே மக்கள் சாரல் என்கிறார்கள். தூறலும் இளவெயிலும் மாறி மாறி வரும் அந்நாட்களில், தமிழகத்தின் பிற பகுதிகள் வெயிலில் காயும்போதும், நண்பகலில்கூட இங்கு வியர்க்காமல் மிதிக்க முடிகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு ஏற்றவையாகக் கருதப்படும் மலை இடைவெளிகளில் பாலக்காடு, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு செங்கோட்டையும் ஒன்று என்பதால், சுரண்டையைச் சுற்றிய செம்மண் வெளிகளில் காற்றாலைகள் நிற்பதைக் காணலாம். கிழக்கே போகும்போது பெடலில் கால் வைத்திருந்தாலே போதும் என்ற அளவுக்கு முதுகில் தள்ளும் காற்று, மேற்கே திரும்பியதும் மார்பில் கைவைத்துத் தடுக்கும். ஆகவே, காற்று வலுக்கும் முன் விடியற்காலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, அது எழுந்த பின் கிழக்கே திரும்புவதாக வழியை வகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

அவ்வாறு வகுத்த வழி ஒன்று தென்காசியில் தொடங்கி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, இலத்தூர், ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் வழியே மீண்டும் தென்காசியை அடைகிறது. ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய இந்த வட்டத்தில், குற்றாலமும் செங்கோட்டையும் உட்பட எந்த ஊரும் கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லாததால், கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளிலேயே இதை முடித்துவிடலாம்.

குற்றாலத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பொழுது புலருமுன் வந்து சேரும் பயணிக்கு, மலையிலிருந்து விழும் வெள்ளத்தைத் தன்னுள் வாங்கி விசை தணித்து, பின்னர் கீழே குளிப்போர் தலையில் விடும் பொங்குமாகடல் என்னும் பாறைப் பள்ளத்தின் இரைச்சலும், திருக்குற்றாலநாதர் கோயிலின் விளக்கொளியும், ஒன்றிரண்டு கடைகளில் கொதிக்கும் சுக்குக் காபியும் கிடைக்கும். எட்டு மணிக்குப் பிறகு அதே தெருவில் சைக்கிளை உருட்டிச் செல்லவும் இடமிராது. அருவியின் நீர் சிற்றாறாகி, கிழக்கே ஓடிச் சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியில் கலக்கிறது. குற்றாலத்திலிருந்து இலஞ்சிக்குப் போகும் சாலையில் தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் தொடங்கிவிடுகின்றன. கார் பருவ நடவு நடக்கும் காலமாதலால், தொளி அடித்த வயல்களில், அதாவது நீர் கட்டிச் சேறு கலக்கிய வயல்களில், மலை தலைகீழாகத் தெரியும். நாற்றுமுடிகளை வரப்பிலிருந்து வீசுபவரும் குனிந்து நடுபவர்களுமாக ஒரு வயலுக்கு ஒரு கூட்டம் இருக்கும். நெல்லைச் சீமையில் ஆனி முதல் புரட்டாசி வரையிலான போகத்தைக் கார் என்றும், ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாகும் போகத்தைப் பிசானம் என்றும் வழங்குவர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளுக்கும் இந்த மண் உரிமை கொண்டாடுவதன் விளைவு இந்த இருபோகம்.

செங்கோட்டைக்குள் நுழையுமுன் வரும் பிரானூரைச் சுற்றுவட்டாரத்தார் இன்றும் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியாக இருந்ததால், எல்லை இங்கேதான் இருந்தது. இப்போது மாநில எல்லை புளியரைக்கும் அப்பால் மலைமீது கோட்டைவாசலுக்குப் போய்விட்ட பின்னும், பரோட்டாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் பேர்பெற்ற கடைகளால் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. காலையில் இவ்வழியே செல்லும் மிதிவண்டிக்காரருக்கு இட்லியே நல்லது.

பயணத்தின் மிகச் செழிப்பான பகுதி செங்கோட்டையிலிருந்து வடக்கே பண்பொழிக்குத் திரும்பியதும் தொடங்குகிறது. இடப்புறம் மலை, சாலைக்கு இணையாகவே கூட வருகிறது; மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் அணை நிற்கிறது. செங்கோட்டைக்கு அருகே 36 அடி உயரமுள்ள குண்டாறு, மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயரமுள்ள அடவிநயினார், வடக்கே 72 அடி உயரமுள்ள கருப்பாநதி என இவை தொடர்கின்றன. அணையிலிருந்தும் அணைக்கட்டுகளிலிருந்தும் பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்ப, ஒரு குளம் பெருகினால் அதன் மிகைநீர் அடுத்த குளத்துக்குப் போகுமாறு முன்னோர் அமைத்த தொடர், பண்பொழியை ஒட்டித் தனித்து நிற்கும் குன்றின்மேலுள்ள திருமலைக்குமாரசுவாமி கோயிலிலிருந்து பார்க்கும்போது முழுமையாக விளங்குகிறது. சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறுபவருக்கு, கிழக்கே பச்சை வயல்களுக்கிடையே வெயில் பட்டு மின்னும் நீர்ப்பரப்புகளும் அவற்றின் ஓரமாக வளைந்தோடும் கருநிறச் சாலைகளும் தெரியும். சாலைகள் ஏன் நேராக ஓடவில்லை என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைக்கிறது: நீர் தங்கும் இடத்தைச் சுற்றிக் கரை போட்டார்கள், கரைமேல் நடந்தார்கள், நடந்த தடம் சாலையாயிற்று.

இவ்வாறான குளத்தங்கரைச் சாலை ஒன்றின் அமைப்பைக் கிட்ட நின்று பார்ப்பது பயனுடையது. ஒருபுறம் கரையின் சரிவு நீரில் இறங்க, மறுபுறம் ஆயக்கட்டு, அதாவது அக்குளத்து நீரால் பாசனம் பெறும் வயற்பரப்பு, சாலை மட்டத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும். கரை அரிக்காதிருக்க நட்டு வளர்த்த பனைகள் வரிசையாக நிற்பதால், அவற்றின் நிழல் சாலையில் குறுக்குக் கோடுகளாக விழும். கரையின் இடையே, நீருக்குள் இரண்டு கற்றூண்கள் எழுந்து குறுக்குக் கல்லைத் தாங்கி நிற்பது மடை. தூண்களுக்கு நடுவே உள்ள அடைப்பை உயர்த்தினால் நீர் கரைக்கு அடியிலுள்ள வழியே வயலுக்குப் பாயும். கரையின் கோடியில், குளம் நிறைந்ததும் மிகைநீர் வழிந்தோடக் கருங்கல்லால் கட்டிய தாழ்ந்த சுவர் மறுகால் எனப்படும். மறுகால் பாயும்போது அந்நீர் சாலையைக் கடந்து செல்வதற்காகப் பாலம் கட்டாமல் சாலையையே தாழ்த்திச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கும் இடம் தாம்போதி. கணுக்கால் அளவு நீர் ஓடும் தாம்போதியில் இறங்கும் சைக்கிள்காரர் பெடலை நிறுத்தி இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு விசையிலேயே மறுகரை சேர்வதும், பாசி படிந்திருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போவதும் இவ்வூர்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த வித்தை. காரில் செல்பவருக்கு மடையும் மறுகாலும் ஒரு நொடியில் பின்னால் போய்விடும். நடந்து செல்பவருக்கு ஒரு குளத்தைச் சுற்றவே காலை கழிந்துவிடும். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்துக்காலாக மாறுவதை ஒரே பொழுதில் கண்ணால் தொடர்ந்து சென்று காணும் வாய்ப்பு, மணிக்குப் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் செல்லும் மிதிவண்டிக்கே உண்டு.

இலத்தூர்க் குளத்தருகே நாமக்கோழியும் நீர்க்காகமும் கொக்கும் திரள்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இயந்திர ஒலி இல்லாமல் வரும் வண்டியைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மனிதர்கள் பொருட்படுத்துகிறார்கள், புதிய முகத்தைக் கண்டால் ‘எந்த ஊருய்யா?’ என்று கேட்காமல் விடுவதில்லை, கேட்டபின் வழி சொல்லாமலும் விடுவதில்லை.

இச்சாலைகளின் அமைதியை நாள்தோறும் உண்மையில் பயன்படுத்துவோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். காலை எட்டரை மணிக்கு ஆய்க்குடிச் சாலையிலோ சாம்பவர்வடகரைச் சாலையிலோ, ஒரே நிறச் சைக்கிள்களில் இருவர் மூவராகப் பேசிக்கொண்டே செல்லும் மாணவிகளே இவற்றின் முதல் உரிமையாளர்கள். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் தமிழக அரசின் திட்டம், 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பேருந்து வராத ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குப் பெண்பிள்ளைகள் தாமாகவே போய்வரும் வழியை அது திறந்துவிட்டது. அதற்கும் முன்னர், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்பித்தது. இருசக்கர வாகனங்கள் பெருகிய பிறகும், புல்லுக்கட்டைக் கேரியரில் வைத்துக் கட்டி, ஹேண்டிலில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு வயலுக்குச் செல்லும் முதியவர்களையும், வண்டியின் பாருக்கு அடியே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடும் சிறுவர்களையும் இங்கு காண முடிகிறது. ஊர் முகப்பில் வேப்பமரத்தடியில், டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி எழும் இடத்தைத் தேடும் பஞ்சர் கடை இன்னும் தொழில் நடத்துகிறது என்பதே, சைக்கிள் இம்மண்ணில் பழம்பொருளாகிவிடவில்லை என்பதற்குச் சான்று.

ஆய்க்குடியில், உடற்குறையுடையோருக்காக 1981 முதல் இயங்கிவரும் அமர் சேவா சங்கத்தின் வளாகம் உள்ளது. சக்கர நாற்காலியிலும் மூன்று சக்கர வண்டியிலும் செல்வோருக்குச் சாலை ஆளை மிரட்டாமல் இருக்க வேண்டும் என்பது எவ்வளவு அடிப்படையான தேவை என்பதை இத்தகைய ஊரில் நின்று எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

சாம்பவர்வடகரையைத் தாண்டியதும் நெல் குறைந்து, செம்மண் புஞ்சைகளும் சின்ன வெங்காயமும் கத்தரியும் வருகின்றன. சுந்தரபாண்டியபுரத்தை ஒட்டிய வயல்களில் ஆடி மாதத்தில் சூரியகாந்தி பூத்து நிற்கும். தெற்குப் பிரான்சின் சிறு சாலைகளின் ஓரத்திலும் ஏறத்தாழ அதே மாதத்தில்தான் அது பூக்கிறது. கேரளத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளக் குடும்பம் குடும்பமாக வருவோரால் அந்தச் சில வாரங்களில் மட்டும் இங்கு கார்கள் நெருங்குகின்றன. வரப்பில் மட்டும் நின்று, செடியை மிதிக்காமல் திரும்புவோரை உழவர்கள் இன்முகத்தோடு வரவேற்கிறார்கள்.

இந்த அமைதிக்கு உண்மையான அச்சுறுத்தல் சூரியகாந்தி பார்க்க வரும் கார்கள் அல்ல. குவாரிகளிலிருந்து கருங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் புளியரை வழியே கேரளத்துக்குப் போகும் டிப்பர் லாரிகள், மாட்டுவண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் போட்ட கிராமச் சாலைகளிலும் புகுந்து வருகின்றன. சாலையின் ஓரம் உடைந்து குழி விழுவதும், தார்ப்பாய் போர்த்தாத பாரத்திலிருந்து துகள் பறப்பதும், பள்ளி நேரத்தில் பிள்ளைகள் சைக்கிளோடு ஓரத்து மண்ணில் இறங்கி நிற்க நேர்வதும் இதன் விளைவுகள். இதை எதிர்த்து இம்மாவட்ட மக்கள் பலமுறை குரல் எழுப்பியுள்ளனர். பிரான்சில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகளின் மேயர்கள், தம் ஊர் வழியாகக் கனரக வாகனங்கள் கடந்து செல்வதைக் கட்டுப்படுத்த ஆணையிட முடிகிறது. நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்பையோ சாலையின் தன்மையையோ கருதி, குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டதால், ஆட்சியர் அலுவலகம் இந்தக் குளங்களுக்கு அருகிலேயே வந்துவிட்டது. பள்ளி தொடங்கும், முடியும் வேளைகளிலாவது குளத்தங்கரைச் சாலைகளில் டிப்பர்களைத் தடுத்து, அவை நெடுஞ்சாலையை மட்டுமே பயன்படுத்துமாறு செய்வதற்குப் பெருஞ்செலவோ புதுச் சட்டமோ வேண்டியதில்லை. மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை அமைப்பதைப் பற்றிப் பெருநகரங்களில் பேசப்படுகிறது. இங்கோ பாதை ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காத்தாலே போதும்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்கு மீளும் கடைசி எட்டு கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. திசை தென்மேற்காகத் திரும்பிவிடுவதால், காலையில் துணைநின்ற காற்று இப்போது நேர் எதிராகிறது. ஆடி நண்பகலில் இத்தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரமும் ஆகலாம். உடம்பைக் குனித்து, பேச்சை நிறுத்தி, இருவர் சென்றால் ஒருவர் பின் ஒருவராக மாறி மாறி முன்னே சென்று காற்றைத் தாங்கிக்கொள்வதே வழி. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம், சிதைந்து பலகாலம் கிடந்து 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் குடமுழுக்குக் கண்டது. ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள அது, வயல்வெளியில் தொலைவிலேயே கண்ணுக்குப் பட்டும், எதிர்காற்றில் மிதிப்பவருக்கு எளிதில் அருகே வருவதில்லை. வந்து சேர்ந்து, சைக்கிளைச் சன்னதித் தெருவில் நிறுத்திக் கிழக்கு வாயிலில் நுழைபவரை அந்தக் காற்று அங்கும் விடுவதில்லை: கணவாயில் நுழைந்து வந்தது கோபுர வாயிலில் மீண்டும் நெருக்குண்டு விசை கூடிவிட, வேட்டியையும் மேல்துண்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே உள்ளே போக வேண்டியிருக்கிறது.